கடைக்கு மேல் ஒரு வீடு

வன்னி நகரங்களின் கட்டட விதிகளும் நமது வியாபாரமும்

வவுனியா பசார் வீதியிலோ கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரத்திலோ கடை வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது விற்பனைக் குறைவு, அடுத்து வருவது வசூலாகாத கடன். மூன்றாவதாக ஒரு முறைப்பாடு வரும். ஒரு பொடியனை எடுத்து, சாமான் விலை சொல்லவும் கணக்குப் பார்க்கவும் பழக்கி ஆளாக்கினால், ஆறு மாதத்தில் அவன் வேலையை விட்டுப் போய்விடுகிறான் என்பதே அது. சம்பளம் போதாதென்கிறான். கூட்டிக் கொடுத்தாலும் நிற்பதில்லை.

அவன் பக்கத்துக் கணக்கையும் ஒரு தடவை பார்ப்போம். உதாரணத்துக்கு, மாதம் 45,000 ரூபா சம்பளம் என்று வைத்துக் கொள்ளுங்கள். நகரத்துக்குள் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டுக்கு 15,000 ரூபா வாடகை, அதற்குமேல் ஆறு மாத முற்பணம். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்காரர் கைக்குப் போகிறது. வாடகை குறைவான இடம் தேடிச் செட்டிகுளம் பக்கமோ நெடுங்கேணி பக்கமோ போனால் அந்த மிச்சத்தைப் பஸ்ஸும் மோட்டார் சைக்கிள் எண்ணெயும் தின்றுவிடுகின்றன. முதலாளி கூட்டிக் கொடுக்கும் 3,000 ரூபா அடுத்த வருட வாடகை உயர்வோடு காணாமற் போகும். சுருக்கமாகச் சொன்னால், நாம் கொடுக்கும் சம்பள உயர்வு நமது சிப்பந்தியைத் தாண்டி யாரோ ஒரு வீட்டுச் சொந்தக்காரருக்குப் போய்ச் சேருகிறது. வாடிக்கையாளர் நிலையும் இதுவே. வாடகைக்குப் போன காசு துணிக்கடைக்கும் பலசரக்குக் கடைக்கும் வராது.

ஆகவே, வீடு மலிவாகக் கிடைப்பது சமூக சேவைக்காரர்கள் மட்டும் பேசவேண்டிய விடயம் என்று நினைத்து நாம் ஒதுங்க முடியாது. இது நமது பேரேட்டுக்குள் வரும் விடயம்.

வீடு ஏன் மலிவாகக் கிடைப்பதில்லை? சீமெந்து விலை, கம்பி விலை, கூலி என்று எல்லோரும் சொல்வார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு அவை ஏறிய ஏற்றத்தை ஹாட்வெயார் வியாபாரம் செய்பவர்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் சீமெந்து விலையை வவுனியாவில் இருந்துகொண்டு நம்மால் குறைக்க முடியாது. நம்மால் தொடக்கூடிய இன்னொரு காரணம் இருக்கிறது. ஒரு துண்டுக் காணியில் என்ன கட்டலாம், எத்தனை கட்டலாம், எவ்வளவு உயரம் கட்டலாம் என்று சொல்லும் விதிகளே அவை. இதனைத்தான் நகரத் திட்டமிடலில் வலயப்படுத்தல் என்கிறார்கள். நகரத்தைப் பகுதிகளாகப் பிரித்து, இது வர்த்தக வலயம், இது குடியிருப்பு வலயம், இது வயல், இது குளத்து ஒதுக்கு என்று கோடு போடுவதும், ஒவ்வொரு வலயத்துக்கும் குறைந்தபட்சக் காணி அளவு, மாடி எண்ணிக்கை, வீதியிலிருந்து விடவேண்டிய தூரம், வாகனத் தரிப்பிடம் ஆகியவற்றை விதிப்பதும் இதில் அடங்கும்.

சனம் கூடுகிறதா, அடுப்புக் கூடுகிறதா?

முதலில் நமது பிரதேசத்தின் நிலைமையைச் சரியாக விளங்கிக் கொள்ளவேண்டும். 1981 தொகைமதிப்பில் வவுனியா மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 95 ஆயிரம். 2012 இல் அது ஏறத்தாழ 1 இலட்சத்து 72 ஆயிரம். இடையில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். வடக்கில் எங்கு சண்டை வந்தாலும் சனம் வந்து நின்ற இடம் வவுனியா. பூந்தோட்டம், சிதம்பரபுரம் முகாம்கள் தொடங்கி 2012 செப்டெம்பரில் மூடப்பட்ட மெனிக் பாம் வரை அந்த வரலாறு நீளுகிறது. முகாமில் இருந்தவர்களில் ஒரு பகுதியினர் நகரத்தைச் சுற்றியே தங்கிவிட்டார்கள்.

2024 தொகைமதிப்பின் முதற்கட்ட முடிவுகள் வேறொரு கதையைச் சொல்கின்றன. நாட்டிலேயே மிகக் கூடிய வருடாந்த வளர்ச்சி வீதம் முல்லைத்தீவு மாவட்டத்தில், 2.23 சதவீதம். மிகக் குறைந்தது நமது வவுனியாவில், 0.01 சதவீதம். பன்னிரண்டு வருடமாக வவுனியா மாவட்டத்தின் தலை எண்ணிக்கை அநேகமாக நின்ற இடத்திலேயே நிற்கிறது.

சனம் கூடாத இடத்தில் வீட்டுத் தட்டுப்பாடு எப்படி வரும் என்று கேட்பீர்கள். தலை எண்ணிக்கை கூடாவிட்டாலும் அடுப்பு எண்ணிக்கை கூடுகிறது. வாப்பா, உம்மா, ஐந்து பிள்ளைகள் என்று ஒரு கூரையின் கீழ் இருந்த ஏழு பேர், பிள்ளைகள் கலியாணம் முடித்ததும் மூன்று நான்கு குடும்பங்களாகிறார்கள். அதற்குமேல் வெளியிடத்து உத்தியோகத்தர்கள், வங்கி ஊழியர்கள், மாணவர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பம்பைமடுவில் படிக்க வருபவர்களும் வாடகை அறை தேடுபவர்கள்தான்.

முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் நிலைமை வேறு. அங்கே நகரங்கள் இப்போதுதான் உருவெடுக்கின்றன. கிளிநொச்சி நகரம் இன்னும் கரைச்சிப் பிரதேச சபையின் கீழ், முல்லைத்தீவு நகரம் கரைதுறைப்பற்றுப் பிரதேச சபையின் கீழ் இருக்கின்றன. வவுனியாவோ நகர சபையாக இருந்து மாநகர சபையாகி, 2025 மே மாதத் தேர்தலில் அதற்கு முதன்முறையாக உறுப்பினர்கள் தெரிவானார்கள். ஆகவே வவுனியாவில் பழைய சட்டையைப் பிரித்துத் தைக்கவேண்டும். மற்ற இரண்டு ஊர்களிலும் துணியை வெட்டுவதற்கு முன்பே அளவைச் சரியாக எடுத்துவிடலாம். கொழும்புக்கு எழுதிய விதியை அப்படியே கொண்டுவந்து இங்கு போட்டால் பிறகு திருத்துவது கடினம்.

1935 ஆம் ஆண்டின் சட்டம்

வன்னியில் ஒரு விசேடம் உண்டு. இங்கே ஒருவர் தன் காணியில் என்ன செய்யலாம் என்பதைத் தீர்மானிப்பது நகரத் திட்டத்தை விடவும் பெரும்பாலும் காணிப் பத்திரம்தான். நாம் பெர்மிட் காணி என்று சொல்லும் காணிகள் 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டவை. இரணைமடுவின் கீழான கிளிநொச்சிக் குடியேற்றங்களும், பின்னர் வந்த பல கிராமங்களும் இந்த வகைதான். விவசாயக் குடும்பம் ஒன்று காணியைத் துண்டாடி விற்றுவிட்டு நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்பது அச்சட்டத்தின் நோக்கம். நல்ல நோக்கம்தான். அதனால் குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் துண்டாட முடியாது, பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது, பின்னுரித்து ஒருவருக்கே என்றெல்லாம் கட்டுப்பாடுகள் வந்தன. ஆண் வாரிசுக்கு முன்னுரிமை கொடுத்த பட்டியல் 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் மாற்றப்பட்டது.

நெல் விதைக்கும் காணிக்கு எழுதிய இந்தக் கட்டுப்பாடுகள், நகரம் வளர்ந்து வந்து சூழ்ந்துகொண்ட மேட்டுக் காணிக்கும் பொருந்தி நிற்பதுதான் இன்றைய சிக்கல். பெயரில் இது வலயச் சட்டமல்ல. செய்கிற வேலை அதுதான்.

முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டபோது வாப்பாவின் பெயரில் கால் ஏக்கர் பெர்மிட் காணி இருந்தது. புத்தளத்தில் இருபது வருடத்துக்கு மேல் கழிந்து, 2009 இற்குப் பின் திரும்பி வந்தபோது பிள்ளைகள் நால்வரும் குடும்பக்காரர்கள். கால் ஏக்கர் என்றால் 40 பேர்ச். ஒரு வீட்டுக்கு 6 பேர்ச் என்று பார்த்தால், உள்பாதைக்கு விட்டது போக ஐந்து வீடுகள் தாராளமாக அமையும். பத்திரப்படி அது ஒருவருக்குரிய ஒரு துண்டு. மார்க்கப்படி ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் பங்கு உண்டு. சட்டப்படி ஒரு பிள்ளைக்கு மட்டும். நல்ல குடும்பமாக இருந்தால் வாய்ப்பேச்சில் ஒழுங்கு செய்து, மூலைக்கொரு வீடாகக் கட்டி, ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளுவார்கள். ஆனால் பத்திரத்தில் பெயர் இல்லாத மூவருக்கும் வங்கிக் கடன் இல்லை, வீட்டுத் திட்டத்திலும் இடம் இல்லை. நல்ல குடும்பமாக இல்லாவிட்டால் வழக்கு.

வீட்டுத் திட்டங்கள் காணிப் பத்திரத்தையே பார்த்து நிற்கும் என்பதை அனுபவத்தில் கண்டோம். 2010 இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீட்டுத் திட்டத்தின் 50,000 வீடுகளில் 46,000 வடக்குக்கும் கிழக்குக்கும் ஒதுக்கப்பட்டன. பயனாளி தானே கட்டும் முறையில் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா வழங்கப்பட்டது. வன்னியில் இன்று நாம் காணும் கல்வீடுகளில் கணிசமானவை அந்தப் பணத்தில் எழுந்தவை. அதன் பெறுமதியைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆயினும் ஒரு காணிக்கு ஒரு வீடு, ஒரு தட்டு, 550 சதுர அடி என்ற அச்சில் அவை வார்க்கப்பட்டன. மேல்மாடியை நினைத்துப் போட்ட அத்திவாரங்கள் அல்ல. அன்று சிறுவனாக இருந்த மகனுக்கு இன்று வீடு தேவைப்படும்போது மேலே போக வழியில்லை, பக்கத்தில் போகப் பத்திரமில்லை.

2024 இல் தொடங்கப்பட்ட 'உறுமய' திட்டம் இத்தகைய அனுமதிப்பத்திரங்களையும் அளிப்புகளையும் முழு உரித்துள்ள உறுதிகளாக மாற்ற முனைந்தது. எந்த அரசாங்கம் எந்தப் பெயரில் செய்தாலும், நகர எல்லைக்குள் வந்துவிட்ட மேட்டுக் காணிகளுக்கு இது முதலில் நடக்கவேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. வயலுக்குப் பழைய கட்டுப்பாடு அப்படியே இருக்கட்டும்.

ஆறு பேர்ச்சில் எவ்வளவு மிஞ்சும்?

இனி உறுதிக் காணிக்கு வருவோம். நகர அபிவிருத்தி அதிகார சபை 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அது பிரகடனப்படுத்திய பகுதிகளில் அதன் ஒழுங்குவிதிகள் செல்லும். உள்ளூராட்சி சபை அவற்றின்படி அனுமதி வழங்கும். 1986 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில் ஒரு கட்டடத் துண்டுக்குப் பொதுவான குறைந்தபட்ச அளவு 150 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ 6 பேர்ச். 2021 இல் புதிய ஒழுங்குவிதிகள் வந்தன. அதன்மேல் ஒவ்வோர் ஊரின் அபிவிருத்தித் திட்டமும் தனது வலயங்களுக்கு வேறு அளவுகளை விதிக்கலாம். காணி வாங்குவதற்கு முன் அந்தத் துண்டு எந்த வலயத்தில் விழுகிறது என்று சபையில் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. நொத்தாரிசு இதைப் பார்ப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பார்ப்பது உரித்தை.

6 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,633 சதுர அடி. 30 அடி முகப்பும் 54 அடி நீளமும் என்று கொள்வோம். உதாரணத்துக்கு, வீதி அகலிப்புக்காக முன்னால் 15 அடியும் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் பின்னால் 10 அடியும் விடவேண்டும் என்றால் 750 சதுர அடி போய்விட்டது. காணியில் 46 சதவீதம். மிஞ்சியதில் ஒரு கார் நிறுத்த 128 சதுர அடி. சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வரும் வாடிக்கையாளருக்காக, கார் வைத்திராத ஒரு குடும்பம், கார் நிற்பதற்குக் காணி வாங்குகிறது! பின்பக்க வெளி தேவையானது. அதில் கைவைக்கக் கூடாது. வன்னி வெயிலில் காற்றோட்டமில்லாத வீடு வீடல்ல. ஆனால் கார்த் தரிப்பிடத்தைச் சிறிய துண்டுகளுக்குத் தளர்த்தினால் யாருக்கு என்ன நட்டம்?

அடுத்து, ஒரு குடும்பத்துக்கு விழும் காணிச் செலவு. கணக்குக்காக ஒரு பேர்ச் 3 இலட்சம் ரூபா என்று வைப்போம். பத்துப் பேர்ச் வேண்டும் என்று விதி சொன்னால் செங்கல் ஒன்று வைப்பதற்கு முன் 30 இலட்சம். ஆறு பேர்ச் போதும் என்றால் 18 இலட்சம். அதே ஆறு பேர்ச்சில் கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம் என்று அனுமதித்தால் தலைக்கு 9 இலட்சம். காணி விலையில் ஒரு சதமும் குறையவில்லை, அரசாங்கம் ஒரு சதமும் மானியம் கொடுக்கவில்லை. தாளில் எழுதிய ஒரு வசனம் மாறியதால் ஒரு குடும்பத்தின் காணிச் செலவு பாதியாகிறது. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் மேல்மாடி கட்டி மகளுக்குக் கொடுப்பது நமது ஊர்களில் பழைய வழக்கம். அதற்குச் சட்டத்தில் ஒழுங்கான கதவு வேண்டும். மாடிக்கு மாடி தனி உறுதி எழுத 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடிச் சட்டம் வழிவிடுகிறது. வன்னியில் அதைப் பயன்படுத்தும் பழக்கம்தான் வளரவில்லை.

விதி கடுமையானால் வீடு கட்டப்படாமல் போவதில்லை. அனுமதி இல்லாமல் கட்டப்படுகிறது. பிறகு இணக்கச் சான்றிதழ் இல்லை, வங்கி ஏற்காது, விற்கும்போது விலை படாது. அதிகாரி ஒருவர் வந்து படியில் நின்றால் வீட்டுக்காரருக்கு நெஞ்சு படபடக்கும். இந்தப் படபடப்பின் மீதுதான் இலஞ்சம் வளர்கிறது.

நவகம்புரவில் செய்து காட்டியது

இப்படி விதியைத் தளர்த்துவது இலங்கையில் நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. 1984 இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தின் நகரப் பகுதியில், குறைந்த வருமானக் குடியிருப்புகளை விசேட திட்டப் பகுதிகளாகக் கொண்டு சாதாரண அளவுகளைத் தளர்த்தினார்கள். கொழும்பு வடக்கில், கிராண்ட்பாஸ் பக்கத்து நவகம்புரவில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தது 2 பேர்ச். பொதுவிதியின் மூன்றில் ஒரு பங்கு. கட்டட விதிகளை அங்கு குடியேறிய மக்களே தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை உத்தியோகத்தர்களோடு உட்கார்ந்து பேசித் தீர்மானித்தார்கள். எந்தச் சுவர் பொதுச் சுவர், யன்னல் எந்தப் பக்கம், கூரைத் தண்ணீர் யார் பக்கம் விழவேண்டும் போன்ற விடயங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குள் முடிவாயின. இன்று அங்கே பல வீடுகள் மாடிக்கு மேல் மாடியாக உயர்ந்து நிற்கின்றன. கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போகிறவர்கள் ஒரு நாள் நடந்து பார்த்துவிட்டு வரலாம்.

இன்னொரு பொருத்தம் இருக்கிறது. 2 பேர்ச் என்பது 544 சதுர அடி. இந்திய வீட்டுத் திட்டத்தில் வன்னியில் கட்டிய வீட்டின் தரை அளவும் ஏறத்தாழ அதுவே. கொழும்பில் ஒரு குடும்பத்தின் முழுக் காணியாக இருந்தது இங்கே ஒரு வீட்டின் தரையாக இருக்கிறது. வன்னியில் 2 பேர்ச்சுக்கு இறங்கவேண்டிய நெருக்கடி இல்லை. குழாய்த் தண்ணீர் வரும் வீதிகளில் 4 பேர்ச் வரை அனுமதித்தாலே போதும்.

குழாய்த் தண்ணீர் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சிறிய துண்டுகளை எதிர்ப்பவர்கள் எல்லோரும் ஏழைகளுக்கு எதிரிகள் அல்லர். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரிடம் கேளுங்கள், அவர் கிணற்றைத்தான் முதலில் சொல்வார். கழிவுநீர்க் குழாய் வலையமைப்பு இல்லாத நமது நகரங்களில் ஒவ்வொரு வளவிலும் ஒரு கிணறும் ஒரு மலசலகூடக் குழியும் இருக்கின்றன. இரண்டுக்குமிடையில் 50 அடியாவது இருக்கவேண்டும் என்பது பழைய பாடம். 4 பேர்ச் துண்டுகளில் வரிசையாகக் கிணறும் குழியும் தோண்டினால் நமது குழி அடுத்த வீட்டுக் கிணற்றுக்குப் பக்கத்தில் போய்விடும். ஏற்கனவே வவுனியா மாவட்டம் சிறுநீரக நோயோடு போராடும் மாவட்டம். தண்ணீர் விடயத்தில் விளையாட முடியாது. எனவே வீதி வீதியாகப் பார்க்கவேண்டும். குழாய்த் தண்ணீர் வந்த வீதியில் கிணற்றை விட்டுவிட்டு, நாலைந்து வீடுகளுக்கு அடைத்த பொதுத் தொட்டி ஒன்றும் அதை வெறுமையாக்கப் பௌசர் போகும் பாதையும் இருந்தால் துண்டு சிறிதாகலாம். மற்ற இடங்களில் ஆகாது. ஆகவே தண்ணீர்க் குழாய் எந்த வீதியால் போகிறதோ அந்த வீதிதான் மலிவு வீட்டுக்குரிய வீதி.

குளத்தையும் வயலையும் விட்டுவிடுங்கள்

வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம், கூமாங்குளம், நெளுக்குளம், தாண்டிக்குளம், சாளம்பைக்குளம்... வவுனியாவைச் சுற்றிய ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். இந்த நகரம் குளங்களுக்கு நடுவில் இருக்கிறது. ஒரு குளத்தின் மிகைநீர் வாய்க்கால் வழியே வயலுக்குப் போய், வயலிலிருந்து அடுத்த குளத்துக்குப் போகும். இடையில் மண் கொட்டி நிரப்பி வீடு கட்டினால் தண்ணீர் வீட்டுக்குள் வரும். மலிவு வீடு என்ற பெயரில் மலிவான பள்ளக் காணியை ஏழைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். மார்கழி மழையில் அந்த வீட்டின் உண்மை விலை தெரியும். வயலை நிரப்புவதற்கு 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி இல்லாமல் நிரப்பிய காணியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

மேட்டில் நெருக்கமாகக் கட்ட அனுமதிக்காத நகரம் பள்ளத்துக்கு இறங்கும். குளத்தைக் காப்பாற்ற விரும்புகிறவர்களும் மேல்மாடிக்கு ஆதரவு கொடுக்கவேண்டியவர்களே.

மற்ற நாடுகளில்

ஜப்பானின் முறை நமது வியாபாரிகளுக்குப் பிடிக்கும். அங்கே வலய வகைகளை நாடு முழுவதற்கும் மத்திய அரசாங்கம் வகுத்திருக்கிறது. மிகவும் அமைதியான, தாழ்ந்த வீடுகள் மட்டும் உள்ள வலயத்திலும்கூட வீட்டோடு சேர்ந்த சிறு கடை வைக்கலாம். கடைப் பகுதி 50 சதுர மீற்றருக்கு மேற்படக் கூடாது, கட்டடத்தின் பாதிக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்பவையே நிபந்தனைகள். வர்த்தக வலயத்தில் வீடு கட்டவும் தடையில்லை. கடையும் வீடும் ஒன்றையொன்று பகைக்கும் என்ற எண்ணம் நமக்கும் புதியதுதான். நமது பழைய பசார்களில் கீழே கடை, மேலே குடும்பம். இரவில் பசாருக்குக் காவல் தேவைப்படவில்லை. இன்று மாலை ஏழு மணிக்குக் கதவிழுத்தால் வீதியே வெறிச்சோடிப் போகிறது, மேல்மாடிகள் வெற்றுப் பெட்டி அடுக்கும் இடமாகக் கிடக்கின்றன.

நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரம் 2016 இல் தனது குடியிருப்புக் காணிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கில் கூடுதல் வீடுகள் கட்ட அனுமதித்தது. அடுத்த ஆறு வருடத்தில் வருடாந்த வீட்டு அனுமதிகள் ஏறத்தாழ இரட்டிப்பாயின. இதிலுள்ள பாடம் அகலத்தில் இருக்கிறது. ஒரே ஒரு வீதியில் மட்டும் மாடி கட்ட அனுமதித்தால் அந்த வீதிக் காணிக்காரர்கள் விலையை ஏற்றி இலாபம் பார்ப்பார்கள், வீடு மலிவாகாது. பரவலாக அனுமதித்தால் விற்பவர்கள் பலர், போட்டி வரும். சந்தையில் ஒரே கடையில் மட்டும் சீனி இருந்தால் என்ன நடக்கும் என்பது வியாபாரிக்குத் தெரியாததல்ல.

தமிழ்நாட்டில் 2019 ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள், உயரம் குறைந்த கட்டடங்களுக்கான தளப்பரப்பு விகிதத்தை 1.5 இலிருந்து 2 ஆக உயர்த்தின. அதே காணியில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கட்டலாம் என்று அர்த்தம். 2024 ஜூலையில் இன்னொன்று செய்தார்கள். 2,500 சதுர அடிக்கு உட்பட்ட காணியில் 3,500 சதுர அடிக்கு உட்பட்ட கீழ்த்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீட்டுக்கு, உரிமையாளரே விதிப்படி கட்டுவதாகச் சான்றளித்து இணையவழியில் உடனடி அனுமதி பெறலாம். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடக்கும் மாதங்கள் மிச்சம். அந்த மாதங்களில் கடன் பணத்துக்கு ஏறும் செலவும், சீமெந்துக்கு ஏறும் விலையும் வீட்டு விலையில்தான் சேருகின்றன.

நமது பங்கு

காணி வாங்கி முள்வேலி அடித்துப் போட்டிருப்பவர்கள் நம்மிடையே பலர். தங்கத்துக்கு அடுத்த சேமிப்பு அது. வங்கி வட்டி வேண்டாம் என்பவர்களுக்கு அது பெரிய புகலிடமும்கூட. விதி தளர்ந்தால் காணி விலை விழுந்துவிடுமோ என்று அவர்கள் பயப்படத் தேவையில்லை. ஒரு துண்டில் இரண்டு குடும்பம் இருக்கலாம் என்றால் அந்தத் துண்டின் பயன் கூடுகிறது. விற்காமலே, கடைக்கு மேல் இரண்டு வாடகை வீடு கட்டி மாத வருமானம் எடுக்கலாம். அவற்றில் ஒன்றில் நமது சிப்பந்தியே குடும்பத்தோடு இருக்கலாம். வெறும் காணியில் காசைப் புதைத்து வைத்து, பத்து வருடம் புல்லு வளர்ப்பதைவிட இது நல்ல வியாபாரம்.

கேட்கவேண்டிய இடம் உள்ளூராட்சி சபையும் நகர அபிவிருத்தி அதிகார சபையின் மாவட்ட அலுவலகமும். ஒரு ஊருக்கு அபிவிருத்தித் திட்டம் தயாரிக்கும்போது வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து எழுத்துமூல ஆட்சேபங்களை ஏற்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த அறிவித்தல் பத்திரிகையின் உள்பக்க மூலையில் வரும். வர்த்தகர் சங்கங்கள் ஒருவரை அதற்கென்றே பொறுப்பாக்க வேண்டும். நாம் சங்கமாகப் போய்க் கேட்பது பெரும்பாலும் கடைவாடகை, குத்தகை, நடைபாதை வியாபாரம் பற்றியே. வரைவுத் திட்டத்தின் வலய வரைபடத்தை விரித்துப் பார்த்து, இந்த வீதியில் ஏன் ஒரு மாடி மட்டும் என்று கேட்ட சங்கம் எத்தனை?

கடிதம் எழுதும்போது 'ஏழைகளுக்கு வீடு வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் அது கோப்பில் தூங்கும். வீதியின் பெயர், குழாய்த் தண்ணீர் உண்டா இல்லையா, அந்த வீதியில் ஒரு மாடிக் கடைகள் எத்தனை, மேலே வீடு கட்டத் தயாரான உரிமையாளர்கள் எத்தனை பேர், அவர்களை மறிக்கும் விதி எது என்று எழுதவேண்டும். கோரிக்கை மூன்று போதும். குழாய்த் தண்ணீர் உள்ள வீதிகளில் சிறிய துண்டுக்கும் கடைக்கு மேல் குடியிருப்புக்கும் அனுமதி. 6 பேர்ச்சுக்கு உட்பட்ட துண்டுகளுக்குக் கார்த் தரிப்பிட விலக்கு. இரண்டு தட்டுக்கு மேற்படாத வீடுகளுக்கு, தகுதிபெற்ற படவரைஞர் சான்றளித்தால் குறித்த நாளுக்குள் அனுமதி. பெர்மிட் காணி விடயம் மாகாணக் காணி ஆணையாளர் திணைக்களத்துக்கும் பிரதேச செயலாளருக்கும் போகவேண்டியது. அதை வேறு கடிதமாக, குடும்பங்களின் பட்டியலுடனும் ஒவ்வொரு காணியிலும் இன்று எத்தனை அடுப்பு எரிகிறது என்ற கணக்குடனும் அனுப்புங்கள். ஒரு பிரதியைக் கையொப்பமும் திகதி முத்திரையும் வாங்கிச் சங்கத்தின் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.